சட்டமன்ற வேட்பாளரின் பின்னணியையும் கொள்கை நிலைப்பாடுகளையும் வாக்காளர் எப்படி அறிந்துகொள்வது?

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் உங்கள் தொகுதியில் நிற்பவர்களின் பின்னணியையும் கொள்கை நிலைப்பாடுகளையும் எங்கே, எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்சியைப் பார்த்து வாக்களித்தால் போதாதா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை கிடைத்தால்தான் வேட்பாளரிடம் எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகும்.

கட்சியைப் பார்த்து வாக்களிப்பதில் தவறொன்றும் இல்லை; அதற்கு வலுவான காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1985-இல் அரசியல் சாசனத்தின் 52-ஆவது திருத்தம், கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. அதன்படி, ஒரு கட்சியின் சின்னத்தில் வென்றவர், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் சொல்லும் கொறடாவின் உத்தரவை மீறி அவையில் வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டாலோ, கட்சி அதை 15 நாட்களுக்குள் பொறுத்துக்கொள்ளாவிட்டால் பதவியை இழக்க வேண்டியிருக்கும். தானாகவே கட்சியைத் துறந்தவராகக் கருதப்பட்டாலும் அதே நிலைதான். 2017 செப்டம்பரில், முதலமைச்சருக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 உறுப்பினர்களை அன்றைய பேரவைத் தலைவர் ப. தனபால் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு மாறுபட்ட தீர்ப்பளித்து, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் அந்த நடவடிக்கையை உறுதி செய்து, 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இடைத்தேர்தல் நடந்து முடியும் வரை, பெரம்பூர், ஆண்டிப்பட்டி, அரவக்குறிச்சி உள்ளிட்ட 18 தொகுதிகளின் மக்களுக்குப் பேரவையில் பிரதிநிதியே இல்லை. அவர்கள் செய்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஒரு சட்டமுன்வடிவின் மீது உங்கள் உறுப்பினர் எப்படி வாக்களிப்பார் என்பதை அவருடைய தனிப்பட்ட கருத்து தீர்மானிப்பதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஆகவே, மாநிலம் தழுவிய பெரிய கொள்கைகளில் வேட்பாளரின் நிலைப்பாட்டைத் தெரிந்துகொள்ள அவருடைய கட்சியின் தேர்தல் அறிக்கையைப் படித்தாலே பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஆனால் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வேலையில் பாதிக்கும் மேற்பட்டது கொறடாவின் உத்தரவு எட்டாத இடத்தில் நடக்கிறது. கேள்வி நேரத்தில் எதைக் கேட்கிறார், எந்தச் சிக்கலுக்காகக் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கிறார், துறைகளுக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் தமக்குக் கிடைக்கும் சில நிமிடங்களைத் தலைவர்களைப் புகழ்வதில் செலவிடுகிறாரா அல்லது தொகுதியின் தேவையைச் சொல்வதில் செலவிடுகிறாரா, பொதுக் கணக்குக் குழுவிலோ அரசு உறுதிமொழிக் குழுவிலோ இடம் கிடைத்தால் தணிக்கை அறிக்கையைப் படித்துவிட்டு வருகிறாரா என்பதெல்லாம் அவரவர் கையில் இருப்பவை. அமைச்சர்கள் அவையில் "ஆவன செய்யப்படும்" என்று சொல்லி அமர்ந்துவிட்ட பிறகு, அந்தச் சொல் நிறைவேறியதா என்று பார்ப்பதற்காகவே ஒரு குழு இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது; அங்கே ஓர் உறுப்பினர் விடாப்பிடியாக இருந்தால், கிடப்பில் கிடக்கும் ஒரு பாலமோ துணை சுகாதார நிலையமோ உயிர் பெறும். அதோடு தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு ₹3 கோடிக்கான பணிகளைப் பரிந்துரைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. இந்த இடங்களில்தான் கட்சியைத் தாண்டி ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அவருடைய பின்னணி நமக்குத் தேவைப்படுவதும் இதற்காகத்தான்.

பின்னணியைச் சொல்லும் முதன்மையான ஆவணம் வேட்புமனுவோடு அவர் தாக்கல் செய்யும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம். இது யாரும் விரும்பிக் கொடுத்த சலுகை அன்று. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற தன்னார்வ அமைப்பு 1999-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்று, 2002 மே 2 அன்று, வேட்பாளரின் குற்ற வழக்குகளையும் சொத்தையும் கல்வியையும் அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி, அந்தச் சட்டம் கேட்பதற்கு மேல் எதையும் வெளியிடத் தேவையில்லை என்று 33பி பிரிவைச் சேர்த்தது. 2003 மார்ச்சில் அந்தப் பிரிவையும் நீதிமன்றம் ரத்து செய்தது. எல்லாக் கட்சிகளும் ஒன்று சேர்ந்து மூட முயன்ற ஒரு கதவைக் குடிமக்கள் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்போடுதான் அந்தப் பத்திரத்தின் பக்கங்களை நான் ஒவ்வொரு முறையும் புரட்டுகிறேன். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் செயலியிலும் அது கிடைக்கும். அதே சங்கம் நடத்தும் மைநேதா தளத்தில் சுருக்கம் கிடைக்கிறது. இருப்பினும் மூலத்தையே திறந்து பாருங்கள்; சுருக்கத்தில் எல்லா விவரமும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் வழக்குகள். "இவர் மீது ஒன்பது வழக்குகள்" என்று யாராவது செய்தி அனுப்பினால் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொரு வழக்குக்கும் காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை எண், சட்டப்பிரிவு, நீதிமன்றம், குற்றச்சாட்டு வனையப்பட்டதா (அதாவது நீதிமன்றம் அதை முறைப்படி பதிவு செய்ததா), வனையப்பட்டிருந்தால் எந்தத் தேதியில் என்பவை தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 ஆகிய பிரிவுகள், அதாவது சட்டவிரோதக் கூட்டம், அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல், வழிமறித்தல் ஆகியவை, நம் மாநிலத்தில் சாலை மறியலிலோ ஆர்ப்பாட்டத்திலோ கலந்துகொண்ட எவர் மீதும் போடப்படும் வழக்குகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 189(2), 223, 126(2) என்று மாறியிருக்கின்றன. மணல் குவாரிக்கு எதிராகவோ மதுக்கடைக்கு எதிராகவோ மறியலில் உட்கார்ந்தவருக்கு இப்படிப்பட்ட வழக்குகள் பல இருக்கலாம், அவை அவருக்குக் குறையாகாது என்பது என் எண்ணம். அதே பத்திரத்தில் பழைய சட்டத்தின் 307, 409, 420 போன்ற எண்களோ, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவோ இருந்தால் கதை வேறு: கொலை முயற்சி, பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பணத்தில் நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், பதவியைப் பயன்படுத்திச் சொத்துச் சேர்த்தல் என்று அவை பொருள்படும். அதிலும் முதல் தகவல் அறிக்கையோடு நிற்கும் வழக்கும், நீதிபதி ஆவணங்களைப் பார்த்துக் குற்றச்சாட்டை வனைந்துவிட்ட வழக்கும் ஒரே எடை கொண்டவை அல்ல. வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வழக்குள்ள வேட்பாளரைக் கட்சி ஏன் தேர்ந்தெடுத்தது என்பதற்கும் இப்போது பதில் சொல்லியாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் தீர்ப்பின்படி வேட்பாளர் தம் வழக்குகளை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் பிரச்சாரக் காலத்தில் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். 2020 பிப்ரவரித் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், தேர்ந்தெடுத்த காரணத்தைக் கட்சியே தன் இணையதளத்திலும் நாளிதழிலும் சமூக ஊடகத்திலும் வெளியிட வேண்டும் என்றும், "வெற்றி வாய்ப்பு" என்பது மட்டும் காரணமாகாது என்றும் சொன்னது. அந்தப் படிவங்களைத் தேடிப் படித்தால், தகுதியையும் சாதனையையும் சொல்ல வேண்டிய இடத்தில் "மக்கள் சேவையில் ஈடுபாடு கொண்டவர்", "அரசியல் காழ்ப்புணர்ச்சியால் போடப்பட்ட வழக்கு" என்ற வரிகளே பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கட்சி தன் வேட்பாளரைப் பற்றி எழுத்தில் எதைச் சொல்லத் துணிகிறது, எதைச் சொல்லவில்லை என்பது வாக்காளருக்கு ஒரு தகவல்தான்.

சொத்துப் பகுதியில் எல்லோரும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மொத்தத் தொகை அவ்வளவாக எதையும் சொல்வதில்லை. மூதாதையர் வீடு நகரத்துக்குள் இருந்தால் சம்பாதிக்காமலேயே ஒருவர் கோடீசுவரர் ஆகிவிடுவார். அசையாச் சொத்தின் ஒவ்வொரு வரியிலும் சர்வே எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா சுயமாக வாங்கியதா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு ஆகியவை கேட்கப்படுகின்றன. நான் முதலில் பார்ப்பது தேதியையும் வாங்கிய விலையையும்தான். அதற்குப் பக்கத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளுக்கான வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் இருக்கும். 2019-இல் படிவத்தைத் திருத்திய பிறகு கணவன் அல்லது மனைவி, இந்துக் கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் ஆகியோருக்கும் அது கேட்கப்படுகிறது. ஐந்தாண்டு வருமானத்தைக் கூட்டி, அதே ஐந்தாண்டில் வாங்கிய சொத்துகளின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு கேள்வி பிறக்கும், அல்லது பிறக்காது. வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை என்பதால், விவசாயக் குடும்பத்து வேட்பாளரின் வரிக்கணக்கு சிறியதாக இருப்பதில் வியப்பில்லை. வருமான ஆதாரம் என்ற பத்தியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எங்கள் தொகுதியில் இரண்டாம் முறையாக நின்ற ஒருவரின் பத்திரத்தில், மனைவி பெயரில் புறவழிச்சாலைக்கு அருகே மூன்று கிரயங்கள் ஒரே ஆண்டில் அடுத்தடுத்த மாதங்களில் பதிவாகியிருந்தன. சாலைக்கான நில எடுப்பு அறிவிப்பு வருவதற்கு முந்தைய ஆண்டு அது. தெருமுனைக் கூட்டம் முடிந்து அவர் வேனிலிருந்து இறங்கியபோது, சர்வே எண்களைக் குறித்து வைத்திருந்த தாளைக் காட்டி, "ஐயா, இந்த நிலங்களை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். கூட இருந்தவர்கள் என்னை ஒதுக்கப் பார்த்தார்கள். அவரோ நின்று, அப்பா வழியில் வந்த நஞ்சையை விற்ற பணம் அது என்றார். வீட்டுக்கு வந்து முந்தைய தேர்தலில் அவர் கொடுத்த பத்திரத்தைத் திறந்தேன். பரம்பரைச் சொத்து என்று அதில் இருந்த இரண்டே முக்கால் ஏக்கர் புதிய பத்திரத்தில் இல்லை, விலையும் ஏறக்குறைய ஒத்துப்போனது. அந்த இடத்தில்தான் நிலம் வாங்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் பணத்தைப் பற்றிய ஐயம் தீர்ந்தது. இரண்டு பத்திரங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது சந்தேகத்தை வளர்ப்பதற்கு மட்டும் பயன்படுவதில்லை, தீர்ப்பதற்கும் பயன்படுகிறது.

பத்திரத்தில் இல்லாதவையும் உண்டு. வளர்ந்து தனியாகச் சம்பாதிக்கும் மகனோ மகளோ "சார்ந்திருப்போர்" என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள். தனி வருமானம் உள்ள அண்ணன், மைத்துனர், சம்பந்தி யாரும் வர மாட்டார்கள். நம் ஊர்களில் ஒப்பந்தப் பணிகளும் கல்குவாரிகளும் அத்தகைய எந்தெந்த உறவினர் பெயரில் இருக்கின்றன என்பது தொகுதியில் உள்ளவர்களுக்குத் தெரியும், அதற்குப் படிவத்தில் இடமில்லை. வேண்டுமென்றே மறைப்பதற்குச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கோயம்புத்தூர் மாவட்டம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தேர்தல் தொடர்பான வழக்கில், குற்ற வழக்குகளை மறைப்பது வாக்காளரின் சுதந்திரமான தேர்வில் முறையற்ற தலையீடு, எனவே ஊழல் நடவடிக்கை என்று 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபக்கம், அருணாசலப் பிரதேசத்தின் தேசு தொகுதி வழக்கில், வேட்பாளர் தம்மிடம் உள்ள ஒவ்வொரு சிறு பொருளையும் சொல்லியாக வேண்டியதில்லை, அவருக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்று 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டுமே நியாயமானவை என்று நினைக்கிறேன். கைக்கடிகாரம் விடுபட்டதும் மோசடி வழக்கு விடுபட்டதும் ஒன்றாகிவிடாது.

கல்வித் தகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சட்டம் கேட்பது 25 வயதும், மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளர் என்ற பதிவும்தான். பட்டத்தை வைத்து ஆளை எடைபோடுவதை நான் நிறுத்திப் பல காலமாகிறது.

இனி கொள்கை நிலைப்பாடுகள். நாம் வேட்பாளரிடம் கேட்கும் கேள்விகளில் பல அவருடைய கைக்கு எட்டாதவை. கச்சத்தீவைப் பற்றிச் சட்டமன்ற வேட்பாளர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் அது ஒன்றிய அரசின் பொருள். நீட் தேர்வு விலக்குக்கான சட்டமுன்வடிவைப் பேரவை 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரி 8 அன்று பேரவை மீண்டும் நிறைவேற்றியது, அதன் பிறகு குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. கல்வி 1976-இல் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டதன் விளைவு இது. இத்தகைய பொருள்களில் வேட்பாளர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் "நான் வென்றால் ஒழித்துவிடுவேன்" என்று தனி ஒருவர் சொன்னால், அதற்கு எந்தெந்தப் படிகள் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

மாறாக, காவல், பொதுச் சுகாதாரம், மருத்துவமனைகள், நிலம், வேளாண்மை, நீர்ப்பாசனம், உள்ளாட்சி ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளவை. இவற்றில் வேட்பாளரின் அறிவைச் சோதிக்க நான் கேட்பது, கொள்கை முழக்கம் எதையும் விட எளிய ஒரு கேள்வி: "நம் ஊர் ஏரி யாருடைய பொறுப்பில் இருக்கிறது?" ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. தூர்வாருவதற்கு எந்த அலுவலகத்தில் மதிப்பீடு தயாராகும், ஆக்கிரமிப்பை அகற்ற யார் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தே அமையும். ஏரியைத் தூர்வாருவேன் என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்திருக்கும் வேட்பாளர் இதற்குத் தடுமாறினால், அந்த வரியை அச்சகத்தார் முந்தைய தேர்தலிலிருந்து எடுத்துப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. சாலையைப் பற்றியும் இப்படியே கேட்கலாம்: அது ஊராட்சி ஒன்றியச் சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையதா என்று தெரியாதவர் எந்த அலுவலகக் கதவைத் தட்டுவார்?

செலவைப் பற்றியும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுத் தேர்தல் அறிக்கைகளில் தரப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் வாக்குறுதிகளை எதிர்த்த வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவை சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று சொல்லிவிட்டு, தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி, வாக்குறுதியின் நியாயத்தையும் அதற்கான நிதி எப்படித் திரட்டப்படும் என்பதையும் அறிக்கையிலேயே சொல்ல வேண்டும் என்று நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்டது. நலத்திட்டங்களை இலவசம் என்று இகழ்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் நிதி எங்கிருந்து வரும் என்ற வரியைக் கட்சிகள் எழுதாமல் விடுவதையும் ஏற்க முடியவில்லை.

ஏற்கனவே உறுப்பினராக இருந்து மீண்டும் நிற்பவரென்றால் உங்கள் வேலை எளிது. 2022 ஆகஸ்டில், ஒவ்வொரு தொகுதியிலும் நீண்ட காலமாக நிறைவேறாமல் இருக்கும் பத்து முக்கியக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும்படி அன்றைய முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார். உங்கள் உறுப்பினர் கொடுத்த பத்து எவை, அவற்றில் எத்தனை முடிந்தன என்று கேளுங்கள். கட்சி எதுவாக இருந்தாலும் அந்தப் பட்டியல், தொகுதியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பதைக் காட்டிவிடும். தொகுதி மேம்பாட்டு நிதியில் எந்த ஊருக்கு என்ன பணி நடந்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். பணம் முழுவதும் நிழற்குடைகளுக்குப் போயிருக்கிறதா, பள்ளி வகுப்பறைக்கும் போயிருக்கிறதா என்பதே ஒரு கொள்கை நிலைப்பாடுதான். புதியவரென்றால், இதற்கு முன் ஒன்றியக் கவுன்சிலராகவோ நகராட்சி உறுப்பினராகவோ இருந்திருக்கிறாரா என்று பாருங்கள். மன்றக் கூட்டத் தீர்மானங்களில் அவர் எதை ஆதரித்தார், எதற்கு எழுந்து நின்றார் என்பது பதிவாகியிருக்கும். சுயேச்சையாக நிற்பவரைக் கொறடா கட்டுப்படுத்த முடியாது, ஆனால் வென்ற பிறகு ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தால் அவரும் பதவியை இழப்பார். ஆகவே யாரை ஆதரிப்பீர்கள் என்று அவரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கால அளவையும் கவனத்தில் வையுங்கள். மனுத்தாக்கல் முடிந்த மறுநாள் பரிசீலனை, அதிலிருந்து இரண்டாம் நாள் திரும்பப் பெறக் கடைசி நாள், அதன் பிறகு வாக்குப்பதிவுக்குக் குறைந்தது 14 நாட்கள். பிரமாணப் பத்திரம் தாக்கலான உடனேயே இணையத்தில் ஏறத் தொடங்கிவிடும். அதில் பொய் இருப்பதற்கு ஆதாரம் உங்களிடம் இருந்தால், தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எதிர்ப் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம், அதுவும் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். ஏதாவது ஒரு பத்தி வெற்றாக விடப்பட்டு, நினைவூட்டிய பிறகும் நிரப்பப்படாவிட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 2013 செப்டம்பர் தீர்ப்பு சொல்கிறது. எழுதியிருப்பது பொய் என்ற புகாரை மட்டும் வைத்து அலுவலர் நிராகரிக்க மாட்டார். அதற்குக் குற்றவியல் நீதிமன்றத்தையோ, முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாட்களுக்குள் தேர்தல் மனுவோடு உயர் நீதிமன்றத்தையோ அணுக வேண்டும். தேர்தல் மனுவைத் தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை, அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் போடலாம். ஆகவே உங்கள் தொகுதியில் நிற்கும் ஒவ்வொருவரின் பத்திரத்தையும், கிடைத்தால் அவர்களுடைய முந்தைய தேர்தல் பத்திரத்தையும், வாக்குப்பதிவுக்கு முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.